நின்றுபோன டவுன் பஸ்ஸைத் திரும்பக் கேட்பது எப்படி: நோட்டீஸ் முதல் வாட்ஸ்அப் வரை

காலையில் ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் திடீரென்று வராமல் போகும். விசாரித்தால் டிரைவர் பற்றாக்குறை என்பார்கள், வசூல் இல்லை என்பார்கள், ரோடு சரியில்லை என்பார்கள். நாலு பேர் டிப்போவுக்குப் போய்ப் பேசுவார்கள், "பார்க்கலாம்" என்று பதில் வரும். பெரும்பாலான ஊர்களில் கதை அதோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் போக நினைக்கும், இதற்கு முன் எந்த மனுவும் எழுதிப் பழகாதவர்களுக்கு இந்த வழிகாட்டி. பஸ்ஸை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம், தெருவிளக்கு என்று எதைக் கேட்டாலும் வேலை ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கும்.

முதலில் கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கள் ஊருக்குப் போக்குவரத்து வசதி வேண்டும்" என்று எழுதினால் அது யாருடைய மேசையிலும் நிற்காது. "தடம் எண் இன்னது, நிறுத்தப்பட்ட காலை 7.40, மாலை 4.50 நடைகளை மீண்டும் இயக்க வேண்டும்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். நோட்டீஸ், கையெழுத்துத் தாள், வாட்ஸ்அப் கார்டு, மனு எல்லாவற்றிலும் இதே வரி எழுத்து மாறாமல் வரவேண்டும். ஓரிடத்தில் இரண்டு நடை (டிரிப்), இன்னோர் இடத்தில் மூன்று நடை என்று இருந்தால், "முதலில் நீங்களே பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஆள் யார் என்பது அடுத்த கேள்வி. இருக்கிற பஸ்ஸின் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளுவது பணிமனையின் கிளை மேலாளர் மட்டத்திலேயே பேசக்கூடியது. நிறுத்திய நடையை மீட்பதென்றால் மண்டலப் பொது மேலாளர் அலுவலகமும் அங்குள்ள வணிகப் பிரிவும் வரும். அடியோடு புதிய வழித்தடம் கேட்டால் பர்மிட் வரை போகும், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் பழைய நடையைத் திரும்பக் கேட்பதோ, பக்கத்து ஊரோடு திரும்பும் பஸ்ஸை மூன்று கிலோமீட்டர் நீட்டிக்கக் கேட்பதோ நல்ல தொடக்கம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டாதீர்கள். ரோடும் குடிநீரும் பஸ்ஸும் ஒரே தாளில் இருந்தால் அது மூன்று துறைகளுக்கிடையே சுற்றிக்கொண்டே இருக்கும்.

தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள்

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் அதுபோல வார்டுப் பகுதிகளில் கூடும் ஏரியா சபை உண்டு. இவற்றில் ஒன்றை மைய நாளாக வைத்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். ஆகஸ்ட் 15 என்றால் ஜூலை முதல் வாரம் வேலை தொடங்க வேண்டும். பள்ளிகள் திறந்து பயணிகள் கூட்டம் நிலைக்கு வந்திருக்கும் என்பதால் பஸ் கோரிக்கைக்கு அது தோதான காலம். ஊர்த் திருவிழா, நடவு, அறுப்பு, முகூர்த்த நாள் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துவிட்டுத்தான் ஊர்க் கூட்டத் தேதியை முடிவு செய்ய வேண்டும். வளர்பிறை முகூர்த்தத்தன்று கூட்டம் வைத்தால் ஊரில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள்.

முதல் வாரம்: தகவல் மனுவும் கணக்கெடுப்பும்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் அந்த மனுவை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். போக்குவரத்துக் கழக மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சட்டம் தருவது அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை, விளக்கத்தைத் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இப்படிக் கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து இந்த நடைகள் இயக்கப்படவில்லை, அதற்கான உத்தரவின் நகல், நிறுத்துவதற்கு முந்தைய மூன்று மாத நடைவாரி வசூல் விவரம், பணிமனையில் அனுமதிக்கப்பட்ட ஓட்டுநர் பணியிடமும் நிரப்பப்பட்ட பணியிடமும் எத்தனை. பதில் வராவிட்டாலோ பாதி பதில் வந்தாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கூடவே பஸ் நிறுத்தத்தில் கணக்கெடுப்பு. இரண்டு பேர், ஒரு கோடு போட்ட நோட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், காலை 6.30 முதல் 9.30, மாலை 3.30 முதல் 6.30. நோட்டில் ஐந்து கட்டம் போதும்: நேரம், எத்தனை பேர் வந்தார்கள், அதில் மாணவர் எத்தனை, பெண்கள் எத்தனை, கடைசியில் எப்படிப் போனார்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். "7.45: ஆறு மாணவிகள், ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய்" என்பது போன்ற வரி ஒன்று, பத்துப் பத்தி புலம்பலைவிடக் கனமானது. வாரச் சந்தை நாளையும் முகூர்த்த நாளையும் தனியாகக் குறித்துவிடுங்கள். அன்று கூட்டம் எகிறும். அதைச் சராசரியில் சேர்த்தால், ஒரு நாள் டிப்போவிலிருந்து ஆள் வந்து எண்ணிப் பார்க்கும்போது உங்கள் கணக்கு முழுவதும் பொய்யாகத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண்ணியவர் தேதியோடு கையெழுத்துப் போடவேண்டும்.

குழு

ஏழெட்டுப் பேர் போதும். எழுதுபவர், அச்சக வேலை பார்ப்பவர், வாட்ஸ்அப் பார்ப்பவர், அலுவலகம் ஏறி இறங்குபவர், காசு வைத்திருப்பவர். தினமும் அந்த பஸ்ஸில் போகும் பெண்கள் இரண்டு பேராவது இருக்கவேண்டும். ஊரும் காலனியும் சேர்ந்து வராத குழுவின் மனுவுக்குப் பாதி பலம்தான். கையெழுத்துத் தாளைப் புரட்டினால் எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்று ஊராட்சி எழுத்தரே சொல்லிவிடுவார். பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒத்திப் போட்டால், பஸ் வருகிற வாரத்தில் அதுவே சண்டையாகும்.

கட்சிக்காரர்கள் வருவார்கள், வரட்டும். எல்லாக் கட்சியிடமும் ஆதரவுக் கடிதம் வாங்கலாம். நோட்டீஸில் மட்டும் எந்தக் கொடியும் படமும் வேண்டாம். ஒரு படம் போட்டால் மற்றவர்கள் விலகுவார்கள், ஆட்சி மாறும்போது கோரிக்கையும் மாட்டிக்கொள்ளும். வசூலித்த காசு, செலவு இரண்டையும் ரசீதோடு வாரம் ஒருமுறை குரூப்பில் போட்டுவிடுவது நல்லது. இருநூறு ரூபாய்க் கணக்கில் உடைந்த குழுக்கள் ஏராளம்.

நோட்டீஸ்

வாட்ஸ்அப் இருக்கும்போது நோட்டீஸ் எதற்கு என்று குழுவில் இளைஞர் ஒருவர் கட்டாயம் கேட்பார். பஸ்ஸை அதிகம் நம்பியிருப்பவர்களில் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. போனில் வந்தது பத்து நிமிடத்தில் மேலே போய்விடும், நோட்டீஸோ வீட்டில் காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டு ஒரு வாரம் இருக்கும்.

அளவு ஏ5 போதும், அதாவது ஏ4 தாளில் பாதி. தலைப்பு ஆறேழு சொல்லுக்குள், எட்டடி தூரத்தில் படிக்கும்படி. உள்ளே 100 முதல் 120 சொல்: என்ன நின்றது, யாருக்கு என்ன சிரமம் (உங்கள் கணக்கெடுப்பிலிருந்து ஒரே ஓர் எண்), என்ன கேட்கிறோம், நீங்கள் என்ன செய்யவேண்டும், எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் பார்ப்பார்கள். வெளிர் மஞ்சள் அல்லது ரோஸ் தாளில் கறுப்பு மையே தெளிவு. கரும்பச்சை, நீலத் தாள் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், சாயங்கால வெளிச்சத்தில் படிக்க முடியாது. 60 அல்லது 70 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் போதும்.

எத்தனை அடிப்பது? வீட்டு எண்ணிக்கையோடு கால் பங்கு கூட்டுங்கள். 600 வீடு என்றால் 750. ஆனால் அச்சகத்தின் ஆப்செட் இயந்திரத்தில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு 750-க்கும் 1000-க்கும் ஒன்றுதான், தாள் விலை மட்டுமே கூடும். அதனால் 1000 அடித்துவிடலாம். 300-க்குள் என்றால் ஜெராக்ஸ் கடையே மலிவு.

அச்சகத்தில் எல்லோரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் போனில் தட்டியது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவியிலும் ஒரேபோல் படிக்கப்படும் எழுத்து முறை. சிறு நகர டிடிபி (கணினித் தட்டச்சு) கடைகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துரு முறையில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவர் அப்படியே ஒட்டினால் எழுத்து கட்டங்கட்டமாக வரும், அல்லது கொம்பு இடம் மாறி "கெ" என்பது "க"வுக்குப் பின்னால் கொம்போடு நிற்கும். கன்வெர்ட்டரில் போட்டு மாற்றினால் தொண்ணூறு பங்கு சரியாக வரும், மீதிப் பத்தில் "ஸ்ரீ", "க்ஷ", எண்கள், மேற்கோள் குறிகள் உடையும். சில சமயம் முழுவதையும் புதிதாகத் தட்டுவார்கள், அப்போது "நடை" "நாடை" ஆகும். இரண்டு வழி இருக்கிறது. நீங்களே பக்கத்தை வடிவமைத்து பிடிஎஃப்பாகக் கொடுங்கள். இல்லையென்றால் புரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி) தாளில் எடுத்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். புரூஃபில் இருக்கும் போன் நம்பரை அந்தத் தாளைப் பார்த்தே டயல் செய்யுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். இந்த மூன்றும் ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் ஆயிரம் நோட்டீஸிலும் பேனாவால் திருத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

அடியில் வெளியிடுபவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் இது விளையாட்டில்லை. தேர்தல் தொடர்பான எந்த அச்சுத் தாளிலும் இவ்விரண்டு பெயரும் முகவரியும் கட்டாயம். தேர்தல் அறிவித்த பிறகு புதிதாக எதையும் அச்சிடாமல் ஒத்திப்போடுவதே நிம்மதி.

நோட்டீஸைப் பஸ் நிறுத்தத்தில் மட்டும் கொடுத்தால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே போகும். அதிகாலை பால் சொசைட்டி, ரேஷன் பொருள் போடும் நாளில் கடை வாசல், நூறு நாள் வேலை நடக்கும் இடம், பள்ளிவிடும் நேரம் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேப்பர் ஏஜென்டிடம் சொன்னால் விடியற்காலை நாளிதழுக்குள் வைத்துத் தருவார். வீடு வீடாகப் போவது மாலை 6 முதல் 8 வரை. இருவராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் கதவு திறக்கும்.

போஸ்டர், பேனர்

ஊருக்குப் பதினைந்து போஸ்டர் போதும். பொது இடத்துச் சுவர்களில் ஒட்டுவதற்கு எதிராக 1959 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஒட்டினால் கோரிக்கையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள். டீக்கடை, சலூன், அரவை மில், மளிகைக் கடை என்று உள்சுவரில் உரிமையாளரிடம் கேட்டு ஒட்டுங்கள், மழையிலும் நிற்கும். மைதா பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. வேண்டாம். அது விஷம், மாடுகள் பசைக்காகவே போஸ்டரைக் கிழித்துத் தின்னும்.

பிளக்ஸ் பேனரைத் தவிர்த்துவிடுங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்த பிறகு அனுமதியில்லா பேனர் மேல் நீதிமன்றமும் மக்களும் காட்டும் வெறுப்பு நியாயமானது. கூட்டம் நடக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு துணி பேனர் போதும்.

வாட்ஸ்அப்பும் மற்றவையும்

இரண்டு குரூப் வையுங்கள். ஒன்று குழுவுக்கு. இன்னொன்று ஊருக்கு, அதில் அட்மின் மட்டும் போடும்படி அமைத்துவிடுங்கள். எல்லோரும் போடலாம் என்று விட்டால் மூன்றாம் நாள் குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே கூட்டத் தேதி காணாமல் போகும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினேனே, யாரும் வரவில்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பார்வர்டுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும். அதனால் தெருவுக்கு ஓர் ஆள் பொறுப்பெடுத்து, செய்தியை நகலெடுத்துத் தன் பெயரில் போடுவது மேல். தெரிந்தவர் எழுதியதை ஜனங்கள் படிப்பார்கள்.

ஒவ்வொரு செய்தியும் மூன்று வடிவில் போகட்டும்: ஒரு படக் கார்டு, அதே விஷயம் தட்டச்சில் நாலு வரி, 40 விநாடிக்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ். எழுத்து படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வாய்ஸ்தான் போய்ச் சேரும். கார்டின் மூலையில் தேதி கட்டாயம் இருக்கவேண்டும். இல்லையென்றால் கூட்டம் முடிந்து இரண்டு மாதம் கழித்தும் "நாளை கூட்டம்" என்று சுற்றும். மாணவர்கள் முகம் தெரியும் வீடியோ எடுக்கும் முன் பெற்றோரைக் கேளுங்கள். முதுகுப் பையும் காலி ரோடும் தெரிந்தாலே போதும்.

நோட்டீஸில் க்யூஆர் கோடு போடுவதென்றால் இரண்டரை சென்டிமீட்டர் அகலம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. வண்ணத் தாளில் அச்சான பிறகு பழைய மலிவு போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள். குரூப் அழைப்பு இணைப்பை அதில் வைக்காதீர்கள். முகந்தெரியாத ஆட்கள் புகுந்து பெண்களின் எண்களை எடுப்பார்கள். தொடர்புக்கென்று வாங்கிய தனி சிம்மின் வாட்ஸ்அப்புக்கு நேரே போகும் இணைப்பை வையுங்கள், ஆள் தெரிந்த பிறகு குரூப்பில் சேர்க்கலாம். இலவசமாகக் கோடு தரும் சில தளங்களில் கொஞ்ச நாளில் இணைப்பு செத்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊர் பஸ்ஸுக்கு ஹேஷ்டேக் டிரெண்ட் செய்வது வீண் வேலை. இணையத்தின் வீச்சுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கொடைக்கானலைச் சொல்வார்கள். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசு பற்றி 2015-இல் வந்த ராப் பாடல் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது, 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தரப்போடு ஆலையை நடத்திய நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஆலை மூடியது 2001-இல். வீடியோ வருவதற்கு முன்பே தொழிலாளர்களிடம் சங்கமும் வழக்கும் ஆவணமும் பல ஆண்டுகளாக இருந்தன. அவை இல்லாமல் வீடியோ மட்டும் ஓடியிருந்தால் பேசி முடிக்க எதிர்த்தரப்பில் உட்கார ஆளே இருந்திருக்காது. உங்கள் பக்கத்திலும் அதே கணக்குத்தான்: எக்ஸ் தளத்தில் போக்குவரத்துக் கழகத்தைக் குறிப்பிட்டுப் போடும் பதிவில் கணக்கெடுப்புத் தாளின் படமும் மனு எண்ணும் இருக்கவேண்டும்.

கையெழுத்து

தாளுக்கு 20 வரி. வரிசை எண், பெயர், தெரு, போன், கையெழுத்து. ஒவ்வொரு தாளின் தலையிலும் அந்த ஒற்றை வரிக் கோரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் வாங்கிப் பின்னால் மனுவோடு குத்தினால், "எதற்குக் கையெழுத்து வாங்கினீர்கள் என்று யாருக்குத் தெரியும்" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ஆதார் எண் கேட்கவே கேட்காதீர்கள்.

வீட்டில் ஒருவரே ஐந்து பேருக்கும் போட்டுத் தருவார். ஒரே பேனா, ஒரே சாய்வு. அதிகாரி இரண்டு தாள் புரட்டினாலே கண்ணில் படும், பிறகு நல்ல கையெழுத்தும் சந்தேகத்துக்கு ஆளாகும். இல்லாதவருக்கு இடம் விட்டு மறுநாள் போங்கள். கைநாட்டு வைப்பவர் பக்கத்தில் சாட்சி ஒருவர் பெயர் எழுதட்டும். 600 வீட்டில் 400 உண்மைக் கையெழுத்து போதும். கூகுள் ஃபார்மில் வெளியூர் ஆட்கள் போட்டதைத் தனி இணைப்பாக வையுங்கள், இதோடு கலக்காதீர்கள்.

கிராம சபையும் மனுவும்

கிராம சபையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவதுதான் பெரிய தவறு. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு, வாசிக்கப்படும் வரை உட்காருங்கள். உங்கள் ஒற்றை வரி அப்படியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், "போக்குவரத்து வசதி கோரி" என்று சுருக்கியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். தீர்மான எண்ணையும் நகலையும் வாங்கிவிடுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு ஒரே பக்கம்: அனுப்புநர், பெறுநர், பொருள், கோரிக்கை, கீழே இணைப்புப் பட்டியல். இணைப்பில் தீர்மான நகல், கணக்கெடுப்புச் சுருக்கம், கையெழுத்துத் தாள்கள். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் இடத்தில் தரும் மனு எண் சீட்டைப் போட்டோ எடுத்து அன்றே குரூப்பில் போடுங்கள். அரசின் குறைதீர்ப்பு உதவி எண் 1100-லும் தொடர்ந்து விசாரிக்கலாம். பொது மேலாளருக்குத் தனி மனு நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

அன்று காலை 11 மணிக்குள் தாலுகா நிருபர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு, ஓர் எண், ஒரு படம், பேசத் தயாராக இருக்கும் இரண்டு பேர். மாலைக்குள் கையில் கிடைத்தால்தான் மறுநாள் பதிப்பில் வரும்.

பதில் வராவிட்டால் மறியல் என்று உடனே குரல் எழும். மறியலில் வழக்குப் பதிவாகும். வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதுப் பிள்ளைகளை அதில் நிறுத்தாதீர்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதியோடு ஓர் ஆர்ப்பாட்டம், அதற்கு முன் தகவல் மனுவின் பதிலை வைத்து இரண்டாவது மனு, இதுதான் வரிசை. வசூல் இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தால் உங்கள் ஐந்து நாள் கணக்கு அதற்கு நேர் பதில். டிரைவர் இல்லை என்று எழுதியிருந்தால் நிறுத்திய நடையைக் கேட்பதை விட்டுப் பக்கத்து ஊர்ப் பஸ்ஸின் நீட்டிப்பைக் கேளுங்கள், அதற்குக் கூடுதல் ஆள் வேண்டாம்.

பஸ் வந்துவிட்டால் முதல் மாதம்தான் கண்டம். சோதனை ஓட்டமாக விடுவார்கள், ஷேர் ஆட்டோவுக்குப் பழகிவிட்ட ஜனம் ஏறாது, பதினைந்து நாளில் மறுபடி நிற்கும். நேர அட்டவணையை இன்னொரு சின்ன நோட்டீஸாக அடித்து அதே வீடுகளுக்குக் கொடுங்கள். கட்டணமில்லாப் பயணம் என்பதால் பெண்கள் பலர் சீட்டு வாங்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். கண்டக்டரிடம் கேட்டு அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சீட்டு கிழித்தால்தான் பஸ்ஸில் ஆள் ஏறியதாகக் கணக்கு. பஸ் வராத நாளைத் தேதி, நேரத்தோடு குறித்துவைக்க அந்தப் பழைய கணக்கெடுப்பு நோட்டையே நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடையில் கொடுத்துவைக்கலாம்.